தராசின் வாலில் ஒரு பொட்டு

நாலாவது படிக்குக் கீழே நான் இறங்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பேஸ்மென்டுக்குப் பதின்மூன்று படிகள். மேலிருந்து எண்ணி நாலாவதில் குந்தினால் அப்பாவின் மேசை முழுவதும் தெரியும். பிற்காலத்தில் தக்காளித் தோட்டத்துக் கொட்டில்களிலும், அல்பேர்ட்டாவில் ஒரு வேலை முகாமின் சமையலறை வாசலிலும், ஓடாமல் நின்றுபோன ஒரு வான் வண்டியின் பின்பக்கத்திலும் மாதக்கணக்கில் குந்தியிருந்திருக்கிறேன். ஆனால் அசையாமல் இருக்கப் பழகியது அந்தப் படியில்தான். அந்தப் பழக்கம் என்னோடு அதிக காலம் தங்கவில்லை.

கீழே அப்பா தோட்டா செய்துகொண்டிருப்பார்.

இப்படிச் சொன்னால் ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். அப்பா கார் உதிரிப்பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தார். பக்கத்து இயந்திரத்தில் ஒரு போர்த்துக்கீசக் கிழவர். அவர்தான் அப்பாவை ஒரு சனிக்கிழமை குறிபார்த்துச் சுடுகிற ஒரு கிளப்புக்குக் கூட்டிக்கொண்டுபோனவர். அங்கே மனிதர்கள் பாய் விரித்துக் குப்புறப் படுத்து, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற ஒரு கடதாசியைச் சுடுவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. அஞ்சு குண்டும் ஒரே ஓட்டைக்குள்ளால் போனால் அது பெரிய வெற்றி. தலைமயிரின் கனத்தை அளந்து இரும்பு கடைகிற அப்பாவுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. இரண்டு வருடத்துக்குள் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, உரிமம் எடுத்து, ஒரு துவக்கும் வாங்கிவிட்டார். அது பூட்டுப்போட்ட இரும்பு அலுமாரிக்குள் நின்றது. அதன் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

கடையில் வாங்குகிற தோட்டா அப்பாவுக்குச் சரிவரவில்லை. ஒன்றைப்போல் ஒன்று இராது என்றார். ஆகவே ஒவ்வொன்றையும் தானே செய்தார். பித்தளைக் கோதுகளை ஒரே பெட்டியில் வந்ததாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொன்றாக நிறுத்து, கனமானதை ஒரு பக்கமும் லேசானதை ஒரு பக்கமும் பிரித்து வைப்பார். சுட்டு முடிந்த கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, கழுத்தை மட்டமாகச் சீவித் திரும்பவும் பாவிப்பார். முன்னுக்குப் பூட்டுகிற சன்னங்களை நூறு வாங்கினால் எழுபதைத்தான் போட்டிக்கு எடுப்பார். மிச்சம் முப்பதும் பழக்கத்துக்கு. அம்மா சம்பா அரிசியில் கல் பொறுக்கும்போது இதைவிடப் பெருந்தன்மையாக இருப்பா. கோதுக்குள் கொட்டுகிற வெடிமருந்து சின்னச் சின்னக் குச்சிகளாக, கறுத்த ரவை மாதிரி இருக்கும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துத் தகரப்பேணிதான் நிற்கும். மற்றதெல்லாம் பூட்டுக்குள். மருந்து நிறுக்கும்போது வானொலி இல்லை, கதை இல்லை. நான் தும்மினால்கூட நிமிர்ந்து பார்ப்பார்.

நிறுக்கிற தராசுதான் எனக்குப் பிடித்தது. அது கடைத் தராசு மாதிரி இரண்டு தட்டு உள்ளது இல்லை. ஒரு நீட்டுத் தண்டு. ஒரு முனையில் சின்னக் கிண்ணம் தொங்கும். மற்ற முனை வால் மாதிரி நீண்டு, நுனியில் ஒரு முள். தண்டில் நகர்கிற சின்னப் பாரத்தை வேண்டிய எண்ணுக்குத் தள்ளிவிட்டு மருந்தைக் கொட்ட, அந்த முள் ஒரு கோட்டுக்கு நேரே வந்து நின்றால் நிறை சரி. தொடங்குவதற்கு முன் பாரத்தைப் பூச்சியத்தில் விட்டு, வெறுங் கிண்ணத்தோடு முள் கோட்டில் நிற்கிறதா என்று பார்ப்பார். இடையில் எழும்பிப் போய் வந்தால் திரும்பவும் பார்ப்பார். எல்லாக் கோதும் நிரம்பிய பிறகு டோர்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளும் எட்டிப் பார்ப்பார். பிள்ளைகளின் வாய்க்குள் பார்க்கிற டொக்டர் மாதிரி இருக்கும்.

அம்மாவுக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. அம்மாவின் மூத்த அண்ணனை ஊரில் ஒரு சந்தியில் வைத்துச் சுட்டிருந்தார்கள். யார் சுட்டது என்று வீட்டில் ஆளுக்கொரு பதில் இருந்தது, செத்தது மட்டும் உறுதி. துவக்குச் சத்தம் கேட்காத இடம் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தது, இவர் அதைக் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அம்மா சொல்வா. கோயிலில், கடையில், பள்ளிக்கூடத்தில் இதைப்பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது எனக்கு இரண்டாவது சட்டம். இனிமேல் சின்னதாக ஒரு பிசகு நடந்தாலும் பேஸ்மென்டில் இருக்கிற அவ்வளவும் வெளியே போகும் என்று அம்மா சொல்லியிருந்தா. அப்பா அதற்கு ஓம் என்றிருந்தார்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம், நவராத்திரியின் கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை வந்தது. அடுத்த சனிக்கிழமை அப்பாவுக்குப் போட்டி. கிளப்பில் நாலு பேர் கொண்ட அணியில் அப்பாவை முதன்முதலாகச் சேர்த்திருந்தார்கள். அதனால் அப்பா அந்தக் கிழமை முழுவதும் வழமையைவிடக் குறைவாகக் கதைத்தார்.

சரசுவதி பூசைக்கு அம்மா சாமிப்படங்களுக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து எங்கள் வீட்டுத் தொழிற்கருவி எல்லாவற்றையும் அடுக்குவா. என் பள்ளிக்கூடப் புத்தகங்கள். அம்மாவின் தையல் கத்தரிக்கோல், அளவு நாடா. அப்பாவின் அளவெடுக்கிற வேர்னியர், இரண்டு ஸ்பானர். கார்ச் சாவி. எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். அடுத்த நாள் எடுக்கும் வரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது என்பதால் எனக்கு வீட்டுவேலை இல்லை. எனக்கு மிகவும் பக்தி வருகிற பண்டிகை அது.

அப்பா வேலையால் வந்து, குளித்து, பேஸ்மென்டுக்குப் போய்த் தராசை மட்டம் பார்த்து வைத்து, கோதுகளை அடுக்கினார். அறுபது. பிறகு அம்மா கூப்பிட மேலே வந்தார். அடுக்கி வைத்ததை எல்லாம் பார்த்துவிட்டு, மெல்ல, தராசையும் ஒருக்கால் கொண்டுவந்து வைக்கட்டோ என்று கேட்டார். அது துவக்கில்லை, வெறும் தராசுதானே என்றும் சொன்னார்.

அம்மா கற்பூரம் வைத்துக்கொண்டிருந்தா. திரும்பிப் பார்க்கவில்லை. "கார்ச் சாவி வீட்டுக்குச் சோறு போடுது. உது என்னத்தைப் போடும்? ஆளைத்தான் போடும்."

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க, வகுப்பில் விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போது ஒருவரும் எடுக்காமல் கடைசியாக நிற்கிற பெடியனின் முகம் ஞாபகம் வந்தது. தராசு பாவம் என்றும் தோன்றியது. ஸ்பானருக்குக்கூடப் பொட்டு இருக்கிறது. அதற்கு இல்லை.

அம்மா தேவாரம் பாடத் தொடங்கினா. அம்மா கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவா. அப்பாவும் மூடியிருந்தார். நான் சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கினேன். நாலாவது படியைத் தாண்டினேன். தராசின் கிண்ணத்தில் வைத்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். தண்டின் நடுவில் எண்கள் எழுதியிருந்தன, அதை மறைக்கக்கூடாது. ஆகவே வால் பக்கத்தில், நுனிக்குக் கிட்ட, தண்டின் அடிப்பக்கத்தில் வைத்தேன். வடிவான பொட்டு, அம்மா வைப்பதைப்போல் வட்டமாக. விரலில் மிச்சம் இருந்ததையும் அதிலேயே தேய்த்தேன். மேலே வந்தபோது அம்மா கடைசித் தேவாரத்தில் நின்றா.

பூசை முடிந்து, அவலும் கடலையும் சாப்பிட்டுவிட்டு அப்பா கீழே போனார். நான் என் படிக்குப் போனேன். அன்றைக்கு அவர் வெறுங் கிண்ணத்தோடு முள்ளைப் பார்க்கவில்லை. நேரே மருந்தைக் கொட்டத் தொடங்கினார். அது எனக்கு அப்போது ஒரு விசயமாகத் தெரியவில்லை. பொட்டை அவர் காணவில்லை என்பதுதான் பெரிய நிம்மதியாக இருந்தது. அறுபது கோதும் நிரம்பி, டோர்ச் அடித்துப் பார்த்து, சன்னம் பூட்டி, பெட்டியில் அடுக்கி முடியும்வரை இருந்தேன். அறுபது தோட்டாவுக்கும் சரசுவதியின் அருள் இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும் என்ற பெருமையோடு படுக்கப் போனேன்.

சனிக்கிழமை அம்மாவுக்குப் பேக்கரியில் வேலை. என்னைப் பார்க்க ஆளில்லை. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. அம்மா என் கம்பளிக் குல்லாவை இரண்டு காதுக்கும் கீழே இழுத்துவிட்டு, அப்பாவைப் பார்த்து, பிள்ளையை எங்கே நிற்பாட்டுவீங்கள் என்று மூன்று தடவை கேட்டா. மூன்று தடவையும் அப்பா பின்னுக்கு என்றார்.

போர்த்துக்கீசக் கிழவரை அவர் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டோம். பிக்கரிங்கைத் தாண்டி, வயல்வெளிகள் தொடங்குகிற இடமும் தாண்டி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். கிழவர் முன்சீட்டில் இருந்து கதைத்துக்கொண்டே வந்தார். அவர் இங்கிலீஷ் அப்பாவுக்குப் பாதிதான் விளங்கும், அப்பாவின் இங்கிலீஷ் அவருக்குப் பாதி. எனக்கு இரண்டு பேருடையதும் விளங்கும்.

கிழவர் தான் முன்பு இருந்த கிளப்பில் ஒரு ஆளைப்பற்றிச் சொன்னார். நல்ல சுடுகாரன், கவனமான ஆள். ஒரு நாள் அவனுடைய தராசில் ஏதோ ஊத்தை ஒட்டியிருந்திருக்கிறது. அவன் காணவில்லை. மருந்தின் நிறை முழுவதும் பிழையாகிப்போயிற்று. எவ்வளவு பிழை என்று காட்டக் கிழவர் முன்கண்ணாடிக்குக் கிட்ட இறக்கை காய்ந்து செத்துக் கிடந்த ஒரு இலையானைச் சுண்டுவிரலால் தட்டிக் காட்டினார். இவ்வளவுதான், என்றார். முதல் வெடிக்கே துவக்கின் பின்பக்கம் திறந்துகொண்டு முகத்துக்கு வந்தது. இப்போது அவனுக்கு ஒரு கண். வலது கண் இல்லை. அவன் நல்லவன், இப்போதும் கிறிஸ்மசுக்கு வாழ்த்து அனுப்புவான் என்று சொல்லிக் கிழவர் சிரித்தார். அப்பாவும் மரியாதைக்குச் சிரித்தார். அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது.

நான் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு அந்த இலையானைப் பார்த்தேன். இலையானைவிட என் பொட்டுப் பெரியது. விரலில் மிச்சம் இருந்ததையும் தேய்த்திருந்தேன்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே, பின்சீட்டில் இருந்து, ஒரு வசனம். இதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் நாலாவது படியைத் தாண்டினேன் என்று சொல்லவேண்டும். கிழவருக்கு முன்னால் சொல்லவேண்டும். அம்மாவுக்குத் தெரியவரும். அம்மா சொன்ன அந்தச் சின்னப் பிசகு நான்தான் என்று ஆகும். பேஸ்மென்டில் இருக்கிற அவ்வளவும் வெளியே போகும், அப்பா அந்த ஆள் பிரிக்கும் முகத்தோடு மீதிக் காலம் நிற்பார். பொட்டு நல்லதுக்குத்தானே வைத்தது, சாமி அதைப் பார்த்துக்கொள்ளும் என்றும் ஒரு பக்கம் நினைத்தேன். மறுபக்கம், ஊரில் மாமாவின் பொக்கற்றில் கோயில் திருநீறு மடித்த சரை இருந்தது என்று அம்மா சொல்லியிருந்தா.

"அப்பா, எனக்கு வயித்துக்கை நோகுது," என்றேன். "வீட்டை போவம்."

"காருக்கை இருந்து வந்ததாலை. இறங்கினாச் சரியாயிடும்."

கார் நின்றதும் தோட்டாப் பெட்டியை எடுத்து எங்கேயாவது ஒளித்துவைக்கலாம் என்று நினைத்தேன். பெட்டி பூட்டுக்குள். சாவி அப்பாவின் கழுத்தில்.

ரேஞ்ச் என்பது ஒரு நீண்ட புல்வெளி. தூரத்தில் மண்மேடு, அதன் முன்னால் வெள்ளைக் கடதாசிகள். இந்தப் பக்கம் கூரை போட்ட சீமெந்துத் தரையில் பாய்கள். சிவப்பு மேற்சட்டை போட்ட ஒரு பெண்மணிதான் அங்கே பொறுப்பு. எல்லாரையும் கூட்டி நிற்பாட்டி விதிகளைச் சொன்னா. எல்லாரும் கேட்டுப் பழகிய விதிகள், ஆட்கள் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசி விதியைச் சொல்லும்போது மட்டும் அவ என்னைப் பார்த்தா. ஆபத்தாக எதையாவது யார் கண்டாலும், உறுப்பினரோ இல்லையோ, சின்னப் பிள்ளையாக இருந்தாலும், சீஸ் ஃபயர் என்று கத்தலாம். கத்தினால் எல்லாரும் நிற்பாட்டவேண்டும். ஏன் கத்தினாய் என்று அதற்குப் பிறகுதான் கேட்கலாம்.

அப்பாவின் முறை இரண்டாவது. முதல் தொகுதி சுடும்போது நான் பின்னால் ஒரு நீட்டு மர வாங்கில் குந்தியிருந்தேன். காதுமூடி எனக்குப் பெரிது, கையால் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வெடிக்கும் சுடுகிறவர்களின் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முகம் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்பா எனக்குப் பக்கத்தில் தோட்டாப் பெட்டியைத் திறந்து மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது பித்தளைத் தலைகள். அழகாகத்தான் இருந்தன. நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் கையை மெல்ல விடுவித்து, இப்ப கதைக்கப்படாது பிள்ளை, முடிஞ்ச பிறகு எல்லாம் கதைப்பம் என்றார். போட்டிக்கு முன்னால் மூச்சைப் பழக்குவார், அதுதான்.

முடிந்த பிறகு கதைக்க அவருக்கு முகம் இருக்குமோ என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

இரண்டாவது தொகுதியைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு பேர் போய்ப் படுத்தார்கள். அப்பா இடமிருந்து ஐந்தாவது. அவருடைய காலில் இருந்த சப்பாத்தின் அடி எனக்கு நேரே தெரிந்தது. தொழிற்சாலைச் சப்பாத்து, ஒரு பக்கம் தேய்ந்தது. பெண்மணி கையைத் தூக்கி ஏற்றலாம் என்றா. அப்பா ஒரு தோட்டாவை எடுத்து, ஒருமுறை பார்த்து, உள்ளே வைத்து, போல்ட்டைத் தள்ளிப் பூட்டினார். கன்னத்தைத் துவக்கின் கட்டையோடு சேர்த்தார். வலது கண்.

நான் வாங்கின்மேல் ஏறி நின்று கத்தினேன். சீஸ் ஃபயர் என்று. காதுமூடி கழன்று விழுந்ததால் என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பெண்மணி அதே சொல்லை என்னைவிடப் பத்து மடங்கு சத்தமாகத் திருப்பிச் சொன்னா. பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் போல்ட்டைத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்து, துவக்கை வைத்துவிட்டுக் கையை எடுத்தார்கள். எனக்கு அவ்வளவு பெரிய மனிதர்கள் கீழ்ப்படிந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பெண்மணி என் முன்னால் வந்து குனிந்து என்ன கண்டாய் என்று கேட்டா. எனக்கு இங்கிலீஷ் மறந்துபோயிற்று. அப்பா எழும்பி வந்தார். அவருடைய அணியில் இருந்த கிழவரும் மற்ற இருவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அப்பாவின் கழுத்தைப் பிடித்து இழுத்து, காதுக்குள் சொன்னேன்.

"தராசுக்குப் பொட்டு வைச்சனான்."

அவர் ஒரு கணம் விளங்காமல் நின்றார். பிறகு நிமிர்ந்து, அந்தப் பெண்மணியிடம் தன் அரைகுறை இங்கிலீஷில் சொன்னார். பிள்ளையில் பிழை இல்லை. என் தோட்டாவில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் சுடவில்லை. அவ அவரை ஒருமுறை பார்த்து, தலையை ஆட்டினா. கிழவர் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். நாலு பேரில் ஒருவர் விலகினால் அணி இல்லை.

கிழவரைக் கூட்டிப்போக வேறு கார் இருந்தது. அப்பாவும் நானும் திரும்பினோம். அப்பா பெருந்தெருவில் வலது பக்க ஓரத்தில், லொறிகளுக்குப் பின்னால், மிக மெதுவாக ஓட்டினார். பாதித் தூரம் வந்த பிறகுதான் வாய் திறந்தார். குரலில் கோபம் இருக்கும் என்று தேடினேன், இருக்கவில்லை.

"பூசைக்கு முன்னமோ, பின்னமோ?"

"பூசை நடக்கேக்கை. அம்மா பாடேக்கை."

பின்னால் வந்த இரண்டு கார்களை அப்பா முந்தவிட்டார்.

"எந்தப் பக்கம் வைச்சனி? கிண்ணம் தொங்கிற பக்கமோ, முள்ளுப் பக்கமோ?"

"முள்ளுப் பக்கம். அடியிலை."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஸ்காபரோவுக்குள் வந்ததும் ஒரு கோப்பிக்கடையில் நிற்பாட்டி எனக்குச் சூடான சொக்கலேற் வாங்கித் தந்தார். தனக்கு ஒன்றும் வாங்கவில்லை. அம்மாவிடம் காற்றுக் கூடியதால் சுடவில்லை என்று சொல்வோம் என்றார். நான் ஓம் என்றேன். அது எனக்கு மூன்றாவது சட்டம்.

அம்மா வேலையால் வர இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது. அப்பா சட்டைகூட மாற்றாமல் பேஸ்மென்டுக்குப் போனார். நான் என் படியில் இருந்தேன். அவர் தராசின் தண்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். பொட்டு காய்ந்து, மஞ்சள் தழும்பு மாதிரி இருந்தது. சின்னக் கத்தியால் அதைச் சுரண்டி ஒரு கடதாசியில் விழுத்தி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு தராசைப் பூட்டி, வெறுங் கிண்ணத்தோடு முள்ளைப் பார்த்தார். வழமையைவிட நீண்ட நேரம் பார்த்தார். அதற்குப் பிறகு தராசை அரைவட்டம் திருப்பி வைத்தார். முள் அவர் பக்கம் போயிற்று. நான் இருந்த இடத்தில் இருந்து பார்த்தால் கிண்ணத்தின் முதுகு மட்டும்தான் தெரியும்.

செய்த தோட்டாவைப் பிரிக்கப் பிளாஸ்ரிக் சுத்தியல் மாதிரி ஒரு சாமான் இருக்கிறது. அதன் தலைக்குள் தோட்டாவைச் சொருகி மரக்கட்டையில் தட்டினால் சன்னமும் மருந்தும் கழன்று உள்ளே விழும். அப்பா முதலாவதைத் தட்டினார். மருந்தைக் கிண்ணத்தில் கொட்டினார். தண்டு ஆடி நின்றது. அப்பா முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி," என்றார்.

மருந்தை ஒரு பழைய ஜாம் போத்தலுக்குள் கொட்டினார். இரண்டாவதைத் தட்டினார். தண்டு ஆடி நின்றது. சரி என்றார். மூன்றாவது. சரி. பத்து, இருபது. முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. முப்பதுக்குக் கிட்ட வரும்போது வேறு நினைப்பு வந்தது. எல்லாம் சரியென்றால் நான் ஏன் கத்தினேன். பன்னிரண்டு பேரை எழுப்பி, அணியைக் குழப்பி, கிழவரைத் தொப்பியால் தொடையில் அடிக்கவைத்து, அப்பாவை எல்லாருக்கும் முன்னால் என் தோட்டாவில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லவைத்து. ஒரு பிழையும் இல்லாத அறுபது தோட்டாவுக்காக. நாற்பதாவது சரிக்கு நான் அழத் தொடங்கிவிட்டேன். அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. அறுபதும் முடியும்வரை தட்டினார், நிறுத்தார், சரி என்றார். அறுபது தடவை. எண்ணினேன்.

"அப்ப நான் கத்தினது பிழையோ?"

"சந்தேகம் வந்தாக் கத்தத்தான் வேணும்," என்றார் அப்பா. ஆனால் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

பிறகு எழும்பிப் போய், உடுப்புத் தோய்க்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த தொட்டியில் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார்.

ஜாம் போத்தலில் இருந்த மருந்தை அடுத்த நாள் பின்வளவுப் புல்லில் தூவிவிட்டார். புல்லுக்கு நல்லதாம். அணிக்கு அவரை அடுத்த இரண்டு வருடமும் கூப்பிடவில்லை. அவர் தன்பாட்டில் போய்ச் சுட்டுவிட்டு வந்தார். ஆனால் ஒன்று மாறியது. ஒவ்வொரு முறையும் மருந்து நிறுக்கத் தொடங்கும் முன் என்னைக் கீழே கூப்பிடுவார். நாலாவது படிச் சட்டம் எனக்கு மட்டும் தளர்ந்தது. வெறுங் கிண்ணத்தோடு முள் கோட்டில் நிற்கிறதா என்று நான் குனிந்து பார்த்து, சரி என்று சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் பேணியைத் திறப்பார். என்னைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். பதின்மூன்று வயதில் ஒருநாள், உங்கடை பகிடியை விடுங்கோ, நான் வரமாட்டன் என்று மேலே இருந்தே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அப்பா கூப்பிடவில்லை. பதினாறில் பள்ளிக்கூடத்தையும் விட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே, எரிந்த காட்டில் காளான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஈர மண்ணில் படுக்கை, காலில் இரண்டு விரல் மரத்துப்போன பருவம். பொறுக்கியதைத் தெருவோரக் கூடாரத்தில் ஒருவன் நிறுத்து வாங்குவான். அவனுடைய தராசும் ஒரு தண்டுத் தராசு. ஒரு பக்கம் கூடை, மறுபக்கம் வால். எனக்கு முன்னால் நின்ற கியூபெக்காரன் ஒருவன் அன்றைக்கு ஏதோ சந்தேகப்பட்டு வால் பக்கத்து அடியில் விரலை விட்டுத் தடவினான். மென்ற சுயிங்கம் ஒன்று கையோடு வந்தது. தனக்குத் தெரியாது என்று வாங்குகிறவன் சத்தியம் செய்தான். கியூபெக்காரன் எங்களுக்கு விளக்கினான். இந்தப் பக்கம் பாரம் கூடினால் அந்தப் பக்கம் கூடுதலாகப் போட்டால்தான் முள் நேரே வரும். முள் சரியென்றுதான் காட்டும். ஆனால் ஒவ்வொரு கூடைக்கும் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டிருப்பீர்கள்.

தராசு எப்படி வேலை செய்கிறது என்று படிப்பித்த நாளில் நான் வகுப்பில் இருந்திருக்கமாட்டேன். அன்றைக்குத்தான் படித்தேன். வரிசையை விட்டு வெளியே வந்து காளான் கூடையின்மேலேயே குந்தினேன். முள்ளுப் பக்கம். அடியிலை.

பள்ளத்தாக்கைவிட்டு மேலே ஏறினால்தான் போன் வேலை செய்யும். ஏறிப்போய் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அப்பா இப்போது பிக்கரிங்கில் அம்மாவோடு இருக்கிறார். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன. அந்த வருடம்தான் வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள்.

"அப்பா, அண்டைக்கு அறுபதும் சரியோ?"

எந்த அறுபது என்று அவர் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அம்மா பக்கத்திலை நிக்கிறா. பிறகு கதைப்பம்."

இன்னும் கதைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நாலாவது படியில் இருந்த எனக்கு இது ஒன்றும் தெரியாது. என்னை ஏசவுமில்லை, அடிக்கவுமில்லை, அணைக்கவுமில்லை என்று அப்பாவோடு எனக்குக் கோபம்தான் இருந்தது. அவர் தொட்டியின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு, குனிந்து, தண்ணீரை முகத்தில் அடித்தார். வலது கண்ணைப் பொத்தினார், எடுத்தார், திரும்பவும் கழுவினார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. ஏன் இவ்வளவு நேரம், தண்ணி வீணாகுது என்று அம்மா வந்து ஏசப்போகிறா என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.